கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டுக் குடியை நிறுத்த வைக்கலாமா? முன்னேற்பாடு என்ன?

வாடிப்பட்டி மகளிர் குழு கேட்டது:

வணக்கம். வாடிப்பட்டிக்கும் அலங்காநல்லூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். ஊர்க் கூட்டத்தில் குடிக்கிற ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்து, இப்போது மூன்று யோசனைகள் நிற்கின்றன. குடித்துவிட்டு ஊருக்குள் வந்தால் அபராதம் போடுவது ஒன்று. தனியார் மையம் ஒன்றுக்குச் சொன்னால் ராத்திரி வண்டியோடு ஆள் வந்து தூக்கிப்போய் மூன்று மாதம் வைத்திருப்பார்களாம், அது இன்னொன்று. மூன்றாவது, கார்த்திகை ஒண்ணாம் தேதி அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மாலை போட்டுவிடுவது. சாமிக்குப் பயந்து ஒரு மண்டலம் தொடமாட்டார்கள், அப்படியே விட்டுவிடுவார்கள் என்பது பெரியவர்கள் கணக்கு.

எங்கள் குழுவுக்கு இதை வைத்தியமாகச் செய்ய வேண்டும் என்று எண்ணம். வீடு வீடாகக் கேட்டதில் ஒன்பது பேர் தேறினார்கள். நாலு பேர் காலையில் கை நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் போட்டால்தான் வேலைக்குக் கிளம்புவார்கள். அதில் ஒருவருக்குப் போன வருஷம் மாலை போட்ட மூணாம் நாள் வலிப்பு வந்து, சாமி குத்தம் என்று மாலையைக் கழற்றிவிட்டார்கள். இன்னொருவருக்குக் காமாலை வந்து போயிருக்கிறது. மீதிப் பேர் சாயங்காலம் மட்டும். ஒன்பதாவது ஆள் 22 வயதுப் பையன். குடி கிடையாது, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறான்.

யாரை வீட்டில் வைத்து நிறுத்தலாம், யாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்? சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற பொடி விற்கிறார்கள், அது என்ன? அந்தப் பையனைக் கூட்டிப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமா? சொல்லுங்கள்.

---

மனநல வார்டு செவிலியர் எழுதியது:

அக்கா, மாலை போடுவது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த நாலு பேருக்குக் கார்த்திகை ஒண்ணாம் தேதி காலையில் ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. போன வருஷம் வலிப்பு வந்தது சாமி குத்தம் இல்லை, குடி நின்றதால் வந்த வலிப்பு. நாள் கணக்கே அதைச் சொல்கிறது.

தினமும் நிறையக் குடிக்கிறவரின் மூளை, சாராயம் அமுக்குவதை ஈடுகட்ட எப்போதும் முறுக்கேறியே இருக்கும். சாராயத்தைத் திடீரென்று எடுத்துவிட்டால் அமுக்க ஆள் இல்லாமல் முறுக்கு மட்டும் மிஞ்சும். கடைசிக் குடிக்குப் பிறகு 6 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். அதையும் தாண்டி இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் வருவதுதான் பெரிய கண்டம்: காய்ச்சல், நாடித் துடிப்பு ஏறுவது, ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது. இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். ஆள் போர்வையில் இல்லாத நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், வார்டில் படுத்துக்கொண்டே சித்தாள்களை அதட்டிக் கலவை போடச் சொல்லுவார். ஊரில் இதைப் பார்த்தால் காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். அந்த ஒரு ராத்திரியில் உயிர் போய்விடலாம். வைத்தியம் இல்லாமல் விட்டால் நூற்றுக்குப் பதினைந்து பேரும் அதற்கு மேலும் இறந்த காலம் உண்டு; நேரத்தோடு வைத்தியம் செய்தால் அது மிகவும் குறைந்துவிடும்.

முதலில் அளவு. "கொஞ்சமாத்தான் குடிப்பார்" என்பதை எழுதிக்கொள்ளாதீர்கள், பாட்டில் கணக்குக் கேளுங்கள். ஒரு குவார்ட்டர் 180 மி.லி. நம் ஊர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம், அதாவது சுத்த ஆல்கஹால் 77 மி.லி., எடையில் ஏறத்தாழ 61 கிராம். பத்து கிராமை ஓர் அளவு என்று வைத்தால் ஒரு குவார்ட்டரே ஆறு அளவு. 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் நாலு அளவு. பீர்தானே என்று வீட்டில் கழித்துவிடுவார்கள், கழிக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' என்ற பத்துக் கேள்வித் தாள் இருக்கிறது, மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய குடி. 20-ஐத் தொட்டால் அடிமைநிலை என்றே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். பத்து நிமிஷ வேலை, உங்கள் குழுவே கேட்டு எழுதலாம்.

யாரைச் சேர்க்க வேண்டும்? முன்பு எப்போதாவது வலிப்போ பிதற்றலோ வந்தவர், காலைக் கட்டிங் இல்லாமல் எழ முடியாதவர், காமாலை, ரத்த வாந்தி, இதய நோய், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர், டிபி மாத்திரை சாப்பிடுகிறவர், அறுபதைத் தாண்டியவர், தூக்க மாத்திரையும் சேர்த்துப் போடுகிறவர், செத்துப்போகிறேன் என்று பேசுகிறவர், ராத்திரி பக்கத்தில் இருக்க வீட்டில் ஆள் இல்லாதவர். இதில் ஒன்று இருந்தாலும் படுக்கை போட்டுத்தான் நிறுத்த வேண்டும். உங்கள் நாலு பேரும் இதற்குள் வந்துவிடுகிறார்கள். காமாலைக்காரர் அந்த நாலில் இல்லையென்றால் அவரையும் சேருங்கள். சாயங்காலம் மட்டும் குடிக்கிற மற்றவர்களை மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டிலேயே மாத்திரையோடு நிறுத்தச் சொல்லலாம்.

இன்னொன்று, கேட்பதற்கு ஏடாகூடமாக இருக்கும். காலை நடுக்கம் உள்ளவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிற நாள்வரை "இன்றே நிறுத்து" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அளவு ஏறாமல் பார்த்துக்கொண்டு, படுக்கை உறுதியான நாளில் நிறுத்துங்கள். ஒளித்து வைப்பது, பூட்டி வைப்பது, கையில் காசு இல்லாமல் செய்வது எல்லாம் வீட்டுக்குள்ளேயே வலிப்பை வரவழைக்கிற வேலை.

பி1 வைட்டமின், அதாவது தயமின். நீண்ட நாள் குடித்துச் சரியாகச் சாப்பிடாதவர் உடம்பில் இது வற்றிப்போயிருக்கும். தெம்புக்கென்று பக்கத்து கிளினிக்கில் முதலில் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றிவிட்டால், மிச்சமிருக்கிற கொஞ்ச நஞ்சத் தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம்: வெர்னிக்கே என்ற இந்தக் கோளாறைக் குடித்திருக்கிறான் என்று நினைத்து விட்டுவிடுவார்கள், பிறகு ஞாபகசக்தி திரும்பாது. அதனால் குளுக்கோஸுக்கு முன்போ கூடவோ தயமின் ஊசி போட வேண்டும். சாதாரணமாக 100 மி.கி.யிலிருந்து தொடங்குவார்கள், வெர்னிக்கே சந்தேகம் இருந்தால் 500 மி.கி. வீதம் ஒரு நாளைக்கு மூன்று வேளை நரம்பு வழியாகப் போடுவதும் உண்டு. "குளுக்கோஸுக்கு முன்னால் பி1 போட்டாச்சா?" என்று நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, இரும்பு திணிக்க வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நின்றாலும் நிற்காவிட்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் அது தனி அவசரம்.

இது மாலைக்காரர்களுக்கு மட்டும் இல்லை. பைக்கில் விழுந்து கால் முறிந்து எலும்பு வார்டில் சேர்ந்தவர் மூணாம் நாள் பிதற்ற ஆரம்பிப்பது எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் வாடிக்கை. விபத்துக் கேஸ் என்று பயந்து வீட்டார் குடிப்பழக்கத்தை மறைத்திருப்பார்கள். சேர்க்கும்போதே தினசரி எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் சொல்லிவிட்டால் முன்கூட்டியே மருந்து கொடுத்துத் தடுத்துவிடலாம்.

மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே போய்ச் சீட்டுப் போடுங்கள். தாலுகா மருத்துவமனைகளுக்கு மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று வாடிப்பட்டியிலேயே விசாரித்துக்கொள்ளலாம். போனில் கேட்க 14416 மனநலத்துக்கு, 14446 போதை மீட்புக்கென்றே. இரண்டும் கட்டணம் இல்லாதவை.

---

மேலூர் மருந்தாளுநர் எழுதியது:

செவிலியர் அக்கா சொன்னதுக்கு மேல மருந்துப் பக்கம் மட்டும் சொல்றேன்.

குடி நிறுத்துற முதல் வாரத்துக்குக் குளோர்டயாசிபாக்சைடு, ஈரல் கெட்டவங்களுக்கு லோராசிபாம். சாராயம் அமுக்குன இடத்தை இந்த மாத்திரை பிடிச்சுக்கிட்டு மெதுவா விடுது, அவ்வளவுதான் சூட்சுமம். மிதமான நடுக்கத்துக்கு டாக்டர்கள் ஒரு நாளைக்கு 60, 80 மி.கி.ன்னு பிரிச்சுக் கொடுத்துத் தினமும் ஐந்துல ஒரு பங்கு குறைச்சு 5 முதல் 7 நாளைக்குள்ள முடிச்சிருவாங்க. தப்பு எங்க நடக்குதுன்னா, எட்டாம் நாளும் அதே சீட்டைக் கொண்டுவந்து "தூக்கம் நல்லா வருது, இன்னும் ஒரு அட்டை கொடுங்க"ம்பாங்க. கொடுத்தா குடிக்குப் பதிலா இது பழக்கமாயிரும். இன்னொரு தப்பு, டாக்டரைப் பார்க்காமயே அல்ப்ரசோலம்ங்கிற தூக்க மாத்திரையை வாங்கி ராத்திரி குடிச்சவருக்கே ஊட்டிவிடுறது. ரெண்டும் சேர்ந்தா மூச்சு அடங்கிரும். மாத்திரை சாப்பிடுற வாரம் ஆள் பைக், டிராக்டர் ஓட்டக்கூடாது, சாரத்துல ஏறக்கூடாது.

இப்ப அந்தப் பொடி. "அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்"னு பஸ் ஸ்டாண்டு சுவர்ல ஒட்டுற சமாச்சாரம். உள்ள என்ன இருக்குன்னு அட்டையில போடாததை வாங்காதீங்க. டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடிச்சுச் சாம்பார்ல கலக்குறதும் நடக்குது, அது அதைவிட மோசம். டைசல்ஃபிராம் சாராயம் உடைஞ்சு வர்ற அசெட்டால்டிஹைடை ஈரல் கழிக்கவிடாம தடுக்கும். அதுக்கு மேல குடிச்சா முகம் செவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதயம் பலவீனமா இருந்தா ஆளே போயிருவாரு. தெரிஞ்சு சாப்பிடுறவரு குடிக்கப் பயப்படுவாரு, மருந்தோட வேலையே அந்தப் பயம்தான். தெரியாம சாப்பிடுறவருக்குப் பயம் எங்கிருந்து வரும்? அவரு பாட்டுக்குக் குடிப்பாரு, விழுவாரு, அப்புறம் வீட்டுச் சோத்தையே நம்பமாட்டாரு.

ஒப்புக்கிட்டுச் சாப்பிடுறதா இருந்தா முறை இருக்கு. ஈரல் ரத்தப் பரிசோதனை, இசிஜி பார்த்து, கடைசியாக் குடிச்சுக் குறைஞ்சது ஒரு நாளாவது கழிச்சு 250 மி.கி. தினம் ஒண்ணு, காலையில வீட்டம்மா கண் முன்னால. மனப்பிறழ்வு நோய் இருக்கவங்களுக்கு ஆகாது. மாத்திரையை நிறுத்தினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் வேலை உண்டு, "நேத்தே நிறுத்திட்டேன், இன்னைக்குக் குடிக்கலாம்"னு போனா மாட்டிக்குவாங்க. சாராயம் கலந்த இருமல் டானிக்கும் ஆகாது. நாட்டு மருந்துக் கடை அரிஷ்டங்கள்ல புளிச்சு வந்த ஆல்கஹால் இருக்கு, உடம்பு தேறட்டும்னு தசமூலாரிஷ்டம் வாங்கிக் கொடுத்துறாதீங்க. வயித்துப்போக்குக்கு மெட்ரோனிடசோலும் இதோட சேராது, புத்தி குழம்பும்.

ஏக்கத்தைக் குறைக்க வேற மருந்துகள் இருக்கு. நால்ட்ரெக்சோன் 50 மி.கி. தினம் ஒண்ணு, குடிச்சா வர்ற கிறக்கத்தைக் குறைக்கும். ஈரல் ரொம்பக் கெட்டிருந்தா தரமாட்டாங்க. ட்ரமடால் மாதிரி வலி மாத்திரை சாப்பிடுறவருக்குக் கொடுத்தா உடனே பாடாப் படுத்திரும். அகாம்ப்ரோசேட் 333 மி.கி. மாத்திரை, வேளைக்கு ரெண்டு, மூணு வேளை. 60 கிலோவுக்குக் கீழ இருந்தா எண்ணிக்கை குறைப்பாங்க. இது சிறுநீரகம் வழியாப் போறதால ஈரல் கெட்டவங்களுக்கும் ஒத்துப்போகும், ஆனா ஒரு நாளைக்கு ஆறு மாத்திரைன்னதும் பத்து நாள்ல சலிச்சிருவாங்க. ஈரல் சுருங்கினவங்களுக்குப் பாக்லோஃபென். உங்க காமாலைக்காரருக்கு இதுல எதுங்கிறதை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர்தான் சொல்லணும், நாங்க கடையில இருந்துக்கிட்டுச் சொல்லக்கூடாது.

---

வாடிப்பட்டி மகளிர் குழு எழுதியது:

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், கூட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள். வியாதி என்று சொல்லிவிட்டால் பொண்டாட்டியை அடித்ததற்கும் வியாதிதான் காரணம் என்று தப்பித்துக்கொள்ள மாட்டார்களா? அபராதத்தில் கொஞ்சமாவது பயம் இருக்கிறதே?

---

ஒத்தக்கடை வழக்கறிஞர் எழுதியது:

சகோதரி, இரண்டையும் பிரித்துப் பாருங்கள். குடிநோய்க்கு வைத்தியம், அடித்ததற்கு வழக்கு. ஒன்று மற்றதைத் தள்ளுபடி செய்யாது. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், குடித்திருந்தான் என்பதற்காக விலக்குத் தருவதில்லை. பெண்கள் உதவி எண் 181-க்கு அழைக்கலாம், பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம், அவர் வார்டில் படுத்திருக்கும்போதே கூடச் செய்யலாம். குடி நின்ற பிறகும் அடிக்கிற ஆட்கள் உண்டு. அதனால் மாத்திரை வந்ததும் அந்தம்மாவின் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கலைத்துவிடாதீர்கள்.

அபராதத்துக்கு வருகிறேன். ஊர்க் கூட்டம் அபராதம் விதிக்கவும் ஊரைவிட்டு ஒதுக்கவும் சட்டத்தில் இடமே கிடையாது, வசூலித்தவர்கள் மேல்தான் புகார் வரும். நடைமுறையிலும் பணம் வீட்டுச் செலவிலிருந்துதான் போகும். அதோடு எல்லோரும் தோப்புக்குள் போய் ஒளிந்து குடிப்பார்கள். அங்கே வலிப்பு வந்தால் யாருக்கும் தெரியாது.

ராத்திரி வண்டி யோசனையை அடியோடு விடுங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால் போதை மீட்பு மையங்களும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தானாக வருகிறவரை 86-ஆம் பிரிவில் சேர்ப்பார்கள், அவர் கேட்டால் விட்டாக வேண்டும். சம்மதம் தரும் நிலையில் இல்லாதவரை 89-ஆம் பிரிவில் சேர்க்கலாம். ஆனால் வீட்டார் சொன்னால் மட்டும் போதாது. ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ கடந்த ஏழு நாளுக்குள் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும்; தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலை என்று எழுத வேண்டும். சேர்த்ததை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், பெண்ணோ சிறாரோ என்றால் மூன்று நாள். இதன் உச்சவரம்பு 30 நாள். அதற்கு மேல் வைக்க 90-ஆம் பிரிவின்படி இரண்டு மனநல மருத்துவர்களும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும். ஆக, "மூன்று மாதம், மொத்தமாக இவ்வளவு ரூபாய், ஆளை நாங்களே தூக்கிக்கொள்கிறோம்" என்று பேசுகிறவர்கள் முதல் வாக்கியத்திலேயே சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். தூக்கிப்போய்ப் பூட்டி வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 127-இன் கீழ் சட்டவிரோத அடைப்பு. அதற்கு உடந்தையானவர்கள் என்று உங்கள் குழுவின் பெயரும் வரலாம்.

சங்கிலி போடுவதை 95-ஆம் பிரிவு அறவே தடை செய்கிறது. இந்தத் தடையின் பின்னணி நமக்குத் தூரத்தில் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெளியே ஓட முடியாமல் இறந்தார்கள்.

தனியார் மையத்தைப் பார்க்கப் போனால் பதிவுச் சான்றிதழைச் சுவரில் தேடுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், ராத்திரி செவிலியர் உண்டா, வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், வீட்டாரோடு போனில் பேச விடுவார்களா என்று கேளுங்கள். "முதல் ஒரு மாதம் பார்க்கவே கூடாது" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் உதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களும் உண்டு, 14446-இல் மதுரைப் பக்கம் எது என்று சொல்வார்கள். 2025-இல் தமிழக அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய போதை மீட்பு மையங்களுக்குக் 'கலங்கரை' என்று பெயர்.

காப்பீட்டில் ஒரு முரண். மேற்படிச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் தனியார் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் மது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் விலக்கு என்று 12-ஆம் குறியீட்டில் இன்றும் அச்சாகிறது. ஆகவே பாலிசி இருக்கிறதே என்று நம்பித் தனியாரில் சேர்த்துவிட்டுப் பில் வந்தபின் திண்டாட வேண்டாம், முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பையன் விஷயம். சிகிச்சைக்குப் போவது குற்றமில்லை, மருத்துவமனைக்கு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி ரகசியம் காக்கும் கடமை உண்டு. ஒருவேளை வழக்கு இருந்தாலும் 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64அ பிரிவு உதவும்: உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு. பாதியில் ஓடிவந்தால் அந்த விலக்கு பறிபோகும். விற்றதாக வழக்கு இருந்தால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. அதனால் எந்தப் பிரிவில் முதல் தகவல் அறிக்கை என்பதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

---

ஊசிப் பழக்க ஆற்றுப்படுத்துநர் எழுதியது:

அந்தத் தம்பியைக் குடிக்காரர்களோடு ஒரே பட்டியலில் வைக்காதீர்கள், அவனுக்கு வைத்தியம் வேறு. இந்தப் பக்கம் கரைத்துப் போடுவது பெரும்பாலும் டேபென்டடால் என்ற வலி மாத்திரை. வாயில் போடவென்று செய்த மாத்திரையில் மாவும் டால்க்கும் கலந்திருக்கும், எவ்வளவு வடிகட்டினாலும் முழுக்கப் போகாது. அது ரத்தக் குழாயை அடைக்கும், சீழ்க் கட்டி வரும், கையே புண்ணாகும். ஊசி பகிர்ந்திருந்தால் ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. இரண்டுக்கும் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். ஹெபடைடிஸ் சி இப்போது பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிறது, அதைச் சொன்னால் பையன்கள் கொஞ்சம் தைரியமாக வருகிறார்கள்.

ஊசி வழக்கம் உள்ளவர்களுக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரையைத் தினமும் மையத்திலேயே கொடுக்கும் திட்டம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் நடக்கிறது. பக்கத்து மையம் எது என்று 1097-இல் கேட்கலாம். ஒரு நுணுக்கம்: கடைசி ஊசிக்குப் பிறகு உடல்வலி, கொட்டாவி, மூக்கொழுகல், ரோமம் சிலிர்ப்பது தொடங்கிய பிறகே முதல் மாத்திரை வைப்பார்கள், சாதாரணமாக 12 மணி நேரமாவது ஆகும். போதை இறங்காமலே வைத்தால் வலியும் வாந்தியும் ஒரேயடியாக மூட்டிக்கொண்டு வரும், பையன் இனி இந்த மருந்தே வேண்டாம் என்று ஓடிவிடுவான். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்று வீட்டில் கேட்பார்கள். இதில் ஏற்ற இறக்கம் இல்லை, ஊசி இல்லை, வேலைக்குப் போக முடிகிறது. மாதக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். அவசரப்பட்டு நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மறுபடி ஊசிக்குப் போகிறவர்கள் சாவது எப்போது தெரியுமா? ஒரு மாதம் எங்கேயோ அடைத்து வைத்து வெளியே வந்த முதல் வாரத்தில். தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், பழைய அளவையே போடுவார்கள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உதடு நீலமாகி, மூச்சு விட்டு விட்டு வந்தால் 108. வண்டி வரும்வரை தட்டி எழுப்பி மூச்சு விட வையுங்கள், மூச்சே இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நலாக்சோன் என்ற முறிவு மருந்தை ஊசியாகப் போட்டால் சில நிமிஷத்தில் எழுந்து உட்காருவான். ஆனால் அதன் வேகம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தணிந்துவிடலாம். எழுந்துவிட்டானே என்று வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள்.

---

மனநல வார்டு செவிலியர் எழுதியது:

மாலைத் திட்டத்தை எப்படி மாற்றலாம் என்று கேட்பீர்கள். கார்த்திகை ஒண்ணு நவம்பர் நடுவில் வரும். ஐப்பசி பாதியிலேயே அந்த நாலு பேரையும் காமாலைக்காரரையும் மருத்துவரிடம் காட்டுங்கள். படுக்கையில் ஏழெட்டு நாள், நடுக்கம் தீர்ந்து, தயமின் ஏறி, சாப்பாடு பிடித்து வெளியே வந்த பிறகு மாலை போடட்டும். அப்போது மாலை உண்மையிலேயே துணை. நண்பர்கள் "ஒரு கட்டிங்" என்று கூப்பிடமாட்டார்கள், சாமி என்று கூப்பிடுவார்கள். இப்படி வெளியிலிருந்து ஒரு மரியாதை எந்த மாத்திரையிலும் கிடையாது.

குருசாமியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மாத்திரை விரதத்துக்குத் தடை இல்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மாலை போட்ட அன்றே மாத்திரையை வீசிவிடுவார்கள். ஒருவேளைச் சாப்பாடு இந்த ஐந்து பேருக்கும் வேண்டாம், மூன்று வேளையும் சாப்பிடட்டும். முக்கியமாக விடிகாலைக் குளியல். பெரியாறு கால்வாயிலோ கிணற்றிலோ தனியாக இறங்க விடக்கூடாது, முதல் சில வாரம் வீட்டுக் குழாயடியில் ஆள் பக்கத்தில் இருக்கக் குளித்தால் போதும். இரண்டு அடித் தண்ணீரில் வலிப்பு வந்தாலும் மூழ்கிவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய கண்டம் மாலையைக் கழற்றுகிற நாள். மலையிறங்கி வந்த அன்றைக்கே கடை வாசலில் நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் பக்கம் அது இன்னும் சிக்கல்: மகரவிளக்குக்குப் போய்த் திரும்புவதும் தை ஒண்ணு அவனியாபுரம், இரண்டு பாலமேடு, மூணு அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டும் ஒன்றாக வரும். ஊரெல்லாம் விருந்தாளி, கையில் காசு. திருவள்ளுவர் தினத்துக்குக் கடை மூடினாலும் பிளாக்கில் கிடைக்கும். அந்த வாரத்துக்கு மருத்துவரிடம் சீட்டை முன்பே புதுப்பித்து நால்ட்ரெக்சோனோ அகாம்ப்ரோசேட்டோ கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்காரர் என்றால் வாடிவாசல் வேலை இருக்கும், அதுவே காவல். வேலை இல்லாதவரைத்தான் கவனிக்க வேண்டும்.

மற்றபடி ஆபத்தான நேரங்கள் தெரிந்தவைதான். சனிக்கிழமை சாயங்காலம் கூலி வாங்குகிற நேரம், கெடா வெட்டு, துக்க வீடு. கொத்தனார், சித்தாள் வேலைக்காரர்களுக்குக் கூலியை வீட்டம்மா கணக்குக்கு அனுப்ப மேஸ்திரியிடம் பேசலாம், ஆனால் அவரே ஒப்புக்கொண்டால்தான். பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் மதுரையில் தமிழில் நடக்கிறது, காசு கிடையாது. வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. அந்தப் பெண்கள் அதற்குப் போக, ஆண்கள் போவதை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை.

ஒருமுறை வழுக்கினால் திட்டம் தோற்றதாக எழுதிவிடாதீர்கள். சிகிச்சைக்குப் பிறகு நூற்றுக்கு 40 முதல் 60 பேர் மறுபடி தொடுகிறார்கள், சர்க்கரை, ரத்த அழுத்தக்காரர்கள் மருந்தை விடுவதும் ஏறத்தாழ அதே அளவில்தான் இருக்கிறது. தொட்ட மறுநாளே கூட்டிவந்தால் வெளிநோயாளியாகவே சரிசெய்துவிடலாம். வெட்கப்பட்டு மூன்று வாரம் கழித்து வந்தால் மறுபடி படுக்கைதான்.

---

வாடிப்பட்டி மகளிர் குழு எழுதியது:

குருசாமியிடம் நேற்றே பேசிவிட்டோம், மாத்திரைக்குச் சரி என்கிறார். ஒருவேளைச் சாப்பாட்டு விஷயத்தில்தான் இன்னும் இழுக்கிறார். வலிப்பு வந்தவரின் மனைவி, ராஜாஜிக்குக் கூட்டிப் போகிற அன்று காலை நடுங்குவாரே, பஸ்ஸில் எப்படி என்று கேட்கிறார்.

---

மனநல வார்டு செவிலியர் எழுதியது:

அன்று காலை வழக்கமான கட்டிங்கைத் தடுக்க வேண்டாம், அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம், இட்லியோ கஞ்சியோ கொடுங்கள். கூட்டமான பஸ்ஸில் நிற்க வைக்காமல் ஆட்டோவிலோ காரிலோ, பக்கத்தில் இன்னொரு ஆண் துணையோடு கோரிப்பாளையம் வாருங்கள். சீட்டுப் போடும் இடத்திலேயே "முன்பு வலிப்பு வந்தவர்" என்று சொல்லுங்கள், வரிசையில் காக்க வைக்க மாட்டார்கள். பழைய சீட்டு, இப்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள், ஆதார், மாற்றுத்துணி, ராத்திரி கூட இருக்க ஓர் ஆள். பையை அவர் கையில் கொடுக்காதீர்கள், உள்ளே ஒரு குவார்ட்டர் வந்து சேர்ந்துவிடும்.